மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திய பின் வரும் அசதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒரு சொல் விளக்கம். இங்கே "அசதி" என்பது உடம்பின் களைப்பு. "மனச்சோர்வு" என்பது எந்த நோய்க்காக மாத்திரை தொடங்கப்பட்டதோ அந்த நோய். பேச்சில் இரண்டையுமே "சோர்வா இருக்கு" என்றுதான் சொல்கிறோம். மருத்துவரிடமும் அப்படியே சொல்லிவிட்டால் குழப்பம் வரும். வெறும் மருந்து விலகலை, அதாவது மருந்தைக் குறைத்ததாலோ நிறுத்தியதாலோ வரும் தொந்தரவை, நோய் திரும்பியதாக எடுத்துக்கொண்டு பழைய அளவையே அவர் திரும்ப எழுதலாம். நோய் உண்மையிலேயே திரும்பும்போது "போகப் போகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடவும் கூடும். "கை கால் வலுவில்லை", "பத்து மணி நேரம் தூங்கியும் தெளிவில்லை", "எதிலும் மனம் ஒட்டவில்லை" ஆகிய மூன்றும் வேறு வேறு. பிரித்துச் சொல்லப் பழகுங்கள்.

நிறுத்தினால் ஏன் இவ்வளவு அசதி? மருந்து உடம்பை விட்டுப் போனால் தெம்பு வரவேண்டாமா?

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பராக்செடின் போன்ற மருந்துகள் நரம்பு செல்கள் செரட்டோனினை (அவை ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படும் வேதிப்பொருள்) திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கின்றன. மாதக்கணக்கில் அப்படி இருக்கும்போது மூளை தன் ஏற்பிகளின் (அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் இடங்களின்) எண்ணிக்கையையும் கூர்மையையும் அதற்குத் தக்கபடி மாற்றி அமைத்துக்கொள்கிறது. மருந்து சில நாட்களில் போய்விடுகிறது. மூளை செய்துவைத்த மாற்றம் பழையபடி திரும்ப வாரங்கள் பிடிக்கும், சிலருக்கு மாதங்களும் ஆகும். பெரும்பாலான மருத்துவர்கள் ஏற்கும் விளக்கம் இது. வென்லாஃபாக்சின், டுலாக்செடின் எடுத்தவர்களுக்கு நார்அட்ரினலின் என்ற இன்னொரு செய்தி வேதிப்பொருளும் சேர்ந்து குறைகிறது.

இன்னொரு காரணம் தூக்கம். இந்த மருந்துகளில் பெரும்பாலானவை கனவு வரும் தூக்கக் கட்டத்தை அமுக்கி வைக்கின்றன. நிறுத்தியதும் அது பொங்கி வருகிறது. இரவெல்லாம் தெளிவான, நீளமான, சில சமயம் பயமுறுத்தும் கனவுகள். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் உடம்பு ஓய்ந்திருக்காது. விலகல் அசதியில் ஒரு பகுதி இந்தத் தூக்கக் கெடுதலால் வருகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை.

மிர்ட்டசபின், அமிட்ரிப்டிலின் இரண்டும் தூக்கம் தரும் மருந்துகள். இவற்றை நிறுத்துபவருக்கு இரவில் தூக்கம் பிடிக்காமல் போய், பகலில் அசதியாக வெளிப்படும்.

இது எல்லோருக்கும் வருமா?

வராது. 79 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் ஒரு பகுப்பாய்வு வெளிவந்தது. உண்மை மருந்தை நிறுத்தியவர்களில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு விலகல் அறிகுறி இருந்தது. போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினர் அதையே சொன்னார்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்துப் பார்த்தால் ஆறேழு பேரில் ஒருவருக்கு மருந்தாலேயே வருகிறது. கடுமையான அறிகுறிகள் ஏறக்குறைய 35 பேரில் ஒருவருக்கு. ஆனால் அந்த ஆய்வுகள் பலவற்றில் மருந்து எடுத்த காலம் குறைவு. ஐந்து, பத்து ஆண்டுகள் எடுத்தவருக்கும், அதிக அளவில் எடுத்தவருக்கும், சட்டென்று நிறுத்தியவருக்கும் வாய்ப்பு கூடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக உங்கள் அசதி கற்பனையாகிவிடாது.

எப்போது தொடங்கும், எத்தனை நாள் இருக்கும்?

மருந்தின் அரை ஆயுளைப் பொறுத்தது. ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரமே அரை ஆயுள். வென்லாஃபாக்சினுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம். அது உடம்பில் மாறி உருவாகும் பொருளுக்கு 11 மணி நேரம். ஒரு வேளை தவறினாலே மாலைக்குள் தலை கிறுகிறுக்கிறது என்று அதை எடுப்பவர்கள் சொல்வது இதனால்தான். பராக்செடினுக்கு ஏறக்குறைய 21 மணி, செர்ட்ராலினுக்கு 26 மணி, எஸ்சிட்டலோபிராமுக்கு 30 மணி நேரம். இவற்றில் அறிகுறிகள் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் தலைகாட்டும்.

ஃப்ளூவாக்செடின் தனி ரகம். அதன் அரை ஆயுள் 4 முதல் 6 நாட்கள். அது உருமாறிய பொருள் இன்னும் கூடுதலாக ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நிற்கும். உடம்பை விட்டு முழுதாகப் போக ஐந்து வாரங்கள் வரை ஆகலாம். அதனால் அசதி நிறுத்திய மறுவாரம் வராமல், மூன்றாவது, நான்காவது வாரத்தில் வரும். அதற்குள் மாத்திரையையே மறந்திருப்பீர்கள். "வெயில் ஒத்துக்கொள்ளவில்லை", "வைரஸ் காய்ச்சலாக இருக்கும்" என்று காரணம் தேடுவீர்கள். கடைசி மாத்திரை எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

பெரும்பாலானோருக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரங்களில் தணிகிறது. நீண்ட காலம் எடுத்துத் திடீரென நிறுத்திய சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். அது நேர்கோடாகவும் குறையாது. நான்கு நாள் நன்றாக இருந்து, ஐந்தாம் நாள் மறுபடி படுக்கையில் தள்ளும். அந்த ஐந்தாம் நாளை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். கெட்ட நாட்களுக்கு இடையே உள்ள இடைவெளி கூடுகிறதா என்று பாருங்கள்.

மருந்து விலகலா, நோய் திரும்புகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

தேதி, கூட வரும் அறிகுறிகள், மாத்திரையைத் திரும்ப எடுத்தால் நடப்பது ஆகிய மூன்றும் வழிகாட்டும்.

அளவைக் குறைத்து அல்லது நிறுத்திச் சில நாட்களுக்குள் வந்தால் விலகல் என்பதே முதல் சந்தேகம். நோய் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல மெல்ல ஏறும். விலகலில் உடம்பு பேசும்: தலைசுற்றல், குமட்டல், வியர்வை, ஃப்ளூ வந்தது போன்ற உடல்வலி, தலைக்குள் மின்சாரம் தொட்டது போல ஒரு சொடுக்கு. கண்ணை இடவலமாகத் திருப்பும்போது அந்தச் சொடுக்கு வந்தால் கிட்டத்தட்ட உறுதி. மனச்சோர்வு நோயில் இந்தச் சொடுக்கு கிடையாது. அங்கே மனம் பேசும்: எதிலும் பிடிப்பின்மை, தன்னையே குற்றம் சொல்லுதல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம், அதிகாலையில் விழித்துக் கிடப்பது. இவை இரண்டு வாரம் ஏறக்குறைய தினமும் இருந்தால் நோய் திரும்புவதாகக் கருதி மருத்துவரைப் பாருங்கள்.

மருத்துவர் சொல்லி மருந்தைத் திரும்பத் தொடங்கினால் விலகல் அறிகுறிகள் பெரும்பாலும் ஓரிரு நாளில், ஒரு வாரத்துக்குள் அடங்கும். நோய் தணிய வாரங்கள் ஆகும்.

நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைத்துச் சொல்வதும் நேர்மையாகாது. பிரிட்டனில் நீண்ட காலம் மருந்து எடுத்து நலமாக இருந்தவர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் நிறுத்தியவர்களில் 56 விழுக்காடு, தொடர்ந்தவர்களில் 39 விழுக்காடு. நிறுத்துவதா தொடர்வதா என்பதை இந்த இரண்டு எண்களையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் மாத்திரை அட்டையில் இரண்டு மருந்துப் பெயர்கள் இருக்கின்றன. அதனால் வேறுபாடு உண்டா?

பெரிய வேறுபாடு உண்டு. எஸ்சிட்டலோபிராமும், பதற்றத்தைத் தணிக்கும் குளோனசிபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது இந்தியாவில் மிகச் சாதாரணம். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும். பலர் பல ஆண்டுகள் கழித்தே கவனிக்கிறார்கள். இதை நிறுத்தினால் இரண்டு மருந்துகளின் விலகல் ஒன்றாக வரும். குளோனசிபாமின் விலகல் அசதி, நடுக்கம், பதற்றம், தூக்கமின்மை தரும். திடீரென விட்டால் வலிப்பும் வரக்கூடும். கூட்டு மாத்திரையை ஒருபோதும் சட்டென்று நிறுத்தாதீர்கள். இரண்டையும் தனித்தனி மாத்திரைகளாக மாற்றி எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் குறைக்கலாம்.

படபடப்புக்காக ப்ரோப்ரனலால் கொடுத்திருந்தால், அதுவே அசதி தரும் மருந்து என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிறுத்திப் பத்து நாள் ஆகிறது. எழுந்து நிற்கவே முடியவில்லை. திரும்ப எடுக்கலாமா?

எழுதித் தந்த மருத்துவரை அன்றே தொடர்புகொண்டு கேளுங்கள். வழக்கமாகச் செய்வது இதுதான்: கடைசியாக எந்த அளவில் நன்றாக இருந்தீர்களோ அந்த அளவுக்குத் திரும்பி, இரண்டு முதல் நான்கு வாரம் அங்கேயே நின்று, பிறகு முன்பைவிடச் சிறிய படிகளில் இறங்குவது. இது தோல்வி அல்ல. இறங்கிய வேகம் தவறு, அவ்வளவுதான். நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தால் பழைய முழு அளவை ஒரேயடியாக எடுக்க வேண்டாம். எந்த அளவில் தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அசதி தாங்கும் அளவில் இருந்து, வேலையும் சாப்பாடும் ஓரளவு நடக்கிறது என்றால், திரும்ப எடுக்காமல் இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பதும் சரியே.

எவ்வளவு மெதுவாகக் குறைக்க வேண்டும்?

"பத்தை ஐந்தாக்கு, இரண்டு வாரம் கழித்து நிறுத்து" என்பது பலருக்குப் போதாது. ஏன் என்பதை சிட்டலோபிராமின் கணக்கு காட்டும். 20 மி.கி. அளவில் அது செரட்டோனின் கடத்திகளில் (செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் வாயில்களில்) ஏறக்குறைய 80 விழுக்காட்டைப் பிடித்து வைக்கிறது. பாதிக்கும் கீழே, 9 மி.கி.க்கு வந்தாலும் பிடிப்பு 70 தான். 5.4 மி.கி.யில் 60. 3.4 மி.கி.யில் 50. 1.5 மி.கி.யில் 30. அதாவது 20-லிருந்து 9-க்கு இறங்கும்போது மூளைக்குத் தெரிவது 10 புள்ளி வீழ்ச்சி. 5-லிருந்து பூஜ்யத்துக்குக் குதித்தால் 60 புள்ளி வீழ்ச்சி. மாடிப்படியில் மேலே உள்ள படிகள் குட்டை, கடைசிப் படி ஆள் உயரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். "குறைத்தபோது ஒன்றும் ஆகவில்லை, கடைசித் துண்டை விட்டதும் படுத்துவிட்டேன்" என்று இத்தனை பேர் சொல்வதன் காரணம் இது.

ஆகவே முதல் பாதியைச் சற்று வேகமாகவும், கடைசிப் பகுதியை மிக மெதுவாகவும் இறங்க வேண்டும். எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. எடுப்பவருக்கு ஒரு மாதிரித் திட்டம்: 7.5, 5, 2.5, பிறகு 1.25, அதற்குக் கீழே இன்னும் சிறியவை. ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரம். அசதி வந்தால் அது அடங்கும் வரை அடுத்த படிக்குப் போவதில்லை. சில மாதங்கள் மட்டுமே எடுத்தவருக்கு இவ்வளவு நீளம் தேவைப்படாது. மருத்துவர் உங்கள் கால அளவைப் பார்த்து மாற்றுவார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் குறைத்ததாகாதா?

ஆகாது. எஸ்சிட்டலோபிராமின் அளவு 48 மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாக விழும், பராக்செடின் ஐந்தில் ஒன்றாக விழும், வென்லாஃபாக்சினில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. மூளையை ஒருநாள் ஏற்றி ஒருநாள் இறக்குவதுதான் மிச்சம். அசதி கூடும். தினமும் ஒரே நேரத்தில் சிறிய அளவு எடுப்பதே சரி.

மாத்திரையை உடைக்கலாமா?

நடுவில் கோடு போட்ட சாதாரண மாத்திரையை உடைக்கலாம். கையால் உடைத்தால் ஒருபக்கம் பெரிதாகிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பாதி சற்றுப் பெரிதானால் மறுநாள் மற்றப் பாதியை எடுத்தால் சரிக்கட்டிவிடும். கால் துண்டுக்குக் கீழே வெட்டினால் பொடியாகும், அளவு தாறுமாறாகும்.

மெதுவாகக் கரையும் மாத்திரைகளை உடைக்கவோ மெல்லவோ கூடாது. நாள் முழுக்க வரவேண்டிய மருந்து சீக்கிரமே மொத்தமாக இறங்கிவிடும். டுலாக்செடின் உருண்டைகளின் மேற்பூச்சு வயிற்று அமிலத்திலிருந்து மருந்தைக் காக்கிறது. அதை நொறுக்கினால் மருந்து கெட்டுவிடும். சில நாடுகளில் திரவ வடிவம் கிடைக்கிறது. பிரிட்டனில் எஸ்சிட்டலோபிராம் சொட்டு மருந்தில் ஒரு சொட்டு 1 மி.கி. வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அசதியான நாட்களை எப்படி ஓட்டுவது?

நல்ல நாளில் விட்ட வேலையெல்லாம் செய்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. துவைத்து, துடைத்து, அலமாரி அடுக்கி, மறுநாள் எழ முடியாமல் போகும். முடிந்ததில் பாதியோடு நிறுத்துங்கள். இருபது நிமிடம் நடக்க முடிகிறதா, பத்து நிமிடம் நடங்கள். மறுநாள் அசதி கூடவில்லை என்றால் அதே பத்து நிமிடத்தை மூன்று, நான்கு நாள் செய்துவிட்டு இரண்டு நிமிடம் கூட்டுங்கள். கூடியிருந்தால் ஏழுக்கு இறங்குங்கள். நடக்காமலே இருப்பதும் கெடுதல். இரண்டு வாரப் படுக்கை தசையைத் தளர்த்தி, மருந்தோடு தொடர்பில்லாத புதிய அசதியை உண்டாக்கும்.

எந்த வேலையை உட்கார்ந்து செய்ய முடியுமோ அதை உட்கார்ந்து செய்யுங்கள். அடுப்படியில் ஒரு முக்காலி போட்டுக்கொள்ளலாம். குளிக்கும்போதும் அப்படியே. வெந்நீர் ரத்த அழுத்தத்தைத் தணிக்கும், தலைசுற்றும். தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்கிவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். முதலில் நாற்காலியைப் பிடித்து மண்டியிட்டு, பிறகு எழுங்கள்.

குமட்டலால் காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பவர்களுக்குப் பதினொரு மணிக்கு அசதி இரட்டிப்பாகும். ஒரு தம்ளர் கஞ்சி, இரண்டு இட்லி, உப்பிட்ட மோர், எது இறங்குகிறதோ அது போதும். மதியம் பருப்பு, பாசிப்பயறு, முட்டை ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

உடல்வலியைப் பார்த்து ஜலதோஷம் என்று நினைத்து ஜலதோஷ மாத்திரை போட வேண்டாம். அவற்றில் பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கும். அது நாள் முழுக்கத் தூக்கக் கலக்கம் தரும். வலி மட்டும் இருந்தால் பாராசிட்டமால் போதும்.

பகலில் தூங்கலாமா?

பிற்பகல் மூன்று மணிக்கு முன்னால், இருபது நிமிடம், அலாரம் வைத்து. ஒரு மணி நேரம் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்து இன்னும் மந்தமாவீர்கள், இரவுத் தூக்கமும் கெடும். இரவு எவ்வளவு கெட்டிருந்தாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் வெளிச்சத்தில் இருபது நிமிடம் நில்லுங்கள். மொட்டை மாடி, வாசல், எதுவானாலும் சரி. கெட்ட கனவுகள் சில வாரங்களில் தணியும். அதற்காகக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அல்பிரசோலம் போன்றவை இன்னொரு விலகலுக்கு வழி திறக்கும்.

காபி குடித்துச் சமாளிக்கலாமா?

நண்பகல் வரை ஒன்றிரண்டு. காபியிலுள்ள காஃபீனின் அரை ஆயுள் ஏறக்குறைய 5 மணி நேரம். மாலை ஐந்து மணிக் காபியில் பாதி இரவு பத்துக்கும் உடம்பில் இருக்கும். அதேபோல, மாத்திரையை விடும் நாட்களிலேயே காபியையும் விடாதீர்கள். அதை விட்டாலும் முதல் இரண்டு நாள் தலைவலியும் அசதியும் வரும், எது எதனால் என்று பிரிக்க முடியாது. ஃப்ளுவாக்சமின் எடுத்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: அந்த மருந்து காஃபீன் உடம்பில் தங்கும் நேரத்தைப் பல மடங்கு கூட்டும். நிறுத்திய பின் அதே காபி பலம் குறைந்ததாகத் தோன்றும். அதனால் தம்ளர் எண்ணிக்கையை ஏற்ற வேண்டாம்.

டானிக், அமுக்கரா சாப்பிடலாமா?

ரத்தசோகை இருந்தால் இரும்புச் சத்து உதவும், இல்லாவிட்டால் மலச்சிக்கல்தான் மிச்சம். அமுக்கரா தூக்கம் தரும், தைராய்டு அளவை மாற்றும், சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. விலகல் காலத்தில் புதிதாக எதையும் சேர்க்காமல் இருப்பதே தெளிவு.

ரத்தப் பரிசோதனை தேவையா?

அசதி நான்கு வாரத்தைத் தாண்டினால், அல்லது தேதிக் கணக்கு பொருந்தாவிட்டால், தேவை. மாத்திரையை நிறுத்தியதாலேயே எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12-க்கும் ஆண்களுக்கு 13-க்கும் கீழே இருந்தால் ரத்தசோகை. கூடவே ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), சர்க்கரை, பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 குறைவது சகஜம். வயதானவர்களுக்கு, குறிப்பாக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு, சோடியமும் பார்க்க வேண்டும். மனச்சோர்வு மருந்துகளும் அதைக் குறைக்கக்கூடியவை. முடி கொட்டுவதற்கு பயோட்டின் எடுத்தால் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், தைராய்டு முடிவைத் தவறாகக் காட்டும். கருவுற்றிருக்க வாய்ப்பிருந்தால் முதலில் அதைச் சோதியுங்கள்.

வண்டி ஓட்டலாமா?

தலைசுற்றலோ தலைச் சொடுக்கோ இருக்கும் நாட்களில் வேண்டாம். இருசக்கர வண்டியில் திரும்பிப் பார்க்கும் அந்தக் கண அசைவே சொடுக்கைக் கிளப்பும்.

மகள் நாள் முழுக்கப் படுத்தே இருக்கிறாள். சோம்பேறித்தனமா, நோயா என்று தெரியவில்லை. என்ன செய்வது?

அவள் சோம்பேறி அல்ல. மருந்து விலகலில் உடம்பு உண்மையாகவே ஓய்கிறது. "மாத்திரையை விட்டாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்காதீர்கள். "அப்போதே சொன்னேன், இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாய் என்று" என்பதும் வேண்டாம். அடிமைத்தனம் என்பது மருந்தைத் தேடி அலைவது, அளவை ஏற்றிக்கொண்டே போவது. இங்கே நடப்பது, உடம்பு பழகிப்போன ஒன்று அதைவிட்டு விலகுவது. காலையில் அவள் எழும் நேரத்துக்கு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், கூடப் பத்து நிமிடம் நடங்கள், ஒரு வேளைச் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு குறைந்து, சாப்பாடு தள்ளி, "நான் பாரம்" என்று சொல்ல ஆரம்பித்தால் அதைக் கடந்து போகாதீர்கள். நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

தற்கொலை எண்ணம், வலிப்பு, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, கருப்பு மலம். இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு. பல நாள் தூங்காமலே அளவுக்கு மீறிய உற்சாகம், வேகப் பேச்சு, காசை வாரி இறைத்தல் இருந்தாலும் அன்றே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பேச ஆள் வேண்டுமென்றால் இந்தியாவில் டெலிமானஸ் 14416, தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

மருத்துவரிடம் ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. என்ன சொல்வது?

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இப்படி இருந்தால் போதும்: "எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., மூன்று ஆண்டு. மார்ச் 1 முதல் 5 மி.கி. மார்ச் 15 அன்று நிறுத்தினேன். 18-ஆம் தேதியிலிருந்து கை கால் அசதி, தலைச் சொடுக்கு, கெட்ட கனவு. 5 மி.கி.யில் நன்றாக இருந்தேன். மனம் சோர்ந்து போகவில்லை, உடம்புதான் முடியவில்லை. 5-க்குத் திரும்பி இன்னும் மெதுவாக இறங்கலாமா?" மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.